ஊற்றுக்கண்ணும் இரண்டு கச்சைகளும்

மகளை எதிரே உட்கார வைத்துச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டே இந்தக் கதையைச் சொல்கிறேன். காலை ஒரு நிமிஷம் சும்மா வைக்க மாட்டாள். அதனால் கதை நடுவே கொஞ்சம் நின்று நின்றுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரு நாட்டை ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலம். ஆண்டீஸ் மலைச் சரிவில் ஒரு சின்ன ஊர், ஊருக்கு மேலே ஓர் ஊற்று. அதன் கீழே இனேஸ் என்கிற பெண்ணின் மக்காச்சோளக் காணி. புருஷன் சுரங்க வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டான். கைப்பிள்ளையும் அந்தக் காணியும்தான் அவளுக்கு மிச்சம். பக்கத்திலேயே லொரென்சோ என்று ஒரு பெரிய மனிதர். கம்பளி ரோமமும் நீண்ட கழுத்துமாக லாமா என்று ஒரு பிராணி உண்டே, அது மந்தை மந்தையாக வைத்திருந்தார்.

விதைப்பு முடிந்த கையோடு லொரென்சோ, ஊற்றிலிருந்து அவள் காணிக்கு வரும் வாய்க்காலை மண் போட்டு அடைத்தார். "ஊற்று எங்க வம்சத்துது" என்றார். இனேஸின் சோளம் அப்போதுதான் முளை விட்டிருந்தது. இன்னும் நாலு நாள் தண்ணீர் வராவிட்டால் எல்லாம் கருகிவிடும். அப்புறம் அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுரங்கத்துக்கே கூலிக்குப் போக வேண்டியதுதான்.

இனேஸ் முறையிட, விசாரிக்க நகரத்திலிருந்து ஸ்பெயின்காரத் துரை ஒருவர் வந்தார். விசாரணை தேவாலயத்துக்குள் நடந்தது. ஊரில் மேசை இருந்தது அங்கே மட்டும்தான். எதிர்ச்சுவர் முழுக்க ஒரு பெரிய படம். நடுவில் இயேசு தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கிறார். பார்க்கிறவர்களின் இடக்கைப் பக்கமாக நல்லவர்கள் பூவும் கையுமாகச் சொர்க்கத்துக்கு ஏறுகிறார்கள். மறுபக்கம் பாவிகளை ஒரு ராட்சச மீன் வாயைப் பிளந்து விழுங்குகிறது. வரைந்தவருக்கு மீன் பல் மேல் அப்படி என்ன ஆசையோ, ஒவ்வொன்றும் கடப்பாரை மாதிரி இருக்கும்.

துரை முதலில் அந்தப் படத்தின் முன் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவரே, அந்த நாளில் என்னையும் உமது வலப்பக்கம் நிறுத்தும்" என்று வாய்விட்டு வேண்டினார். எல்லோர் காதிலும் விழுந்தது.

சாட்சிக்கு இருந்தது ஒரு புத்தகம். ஊரின் பழைய ஏற்பாடுகளை எல்லாம் மையால் படமாக வரைந்து, அடியில் இரண்டிரண்டு வரி எழுதி வைத்த புத்தகம். வரைந்தவர் அந்த ஊர்க்காரர்தான். அந்தச் சுவரைத் தீட்டியவரும் அவரே.

ஊற்றுக்கு உண்டான தாளைத் துரை விரித்தார். நடுவில் அந்தக் காலத்து ஊர்த்தலைவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பார்க்கிறவரின் இடக்கைப் பக்கம் நெளிக்கோடு நெய்த இடுப்புக்கச்சை கட்டிய ஒருவர். வலக்கைப் பக்கம் கட்டம் போட்ட கச்சை கட்டிய ஒருவர். அடியில் எழுதியிருந்தது: "வலப்பக்கத்தாருக்கு ஊற்று. இடப்பக்கத்தாருக்கு மேய்ச்சல்."

அந்த ஊரில் கச்சை நெசவைப் பார்த்தே இன்ன வீட்டு ஆள் என்று சொல்லிவிடுவார்கள். நெளிக்கோடு இனேஸின் வீடு, கட்டம் லொரென்சோவின் வீடு. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

"பார்த்தீங்களா துரை, கட்டம் வலப்பக்கம்!" என்றார் லொரென்சோ.

துரை தன் வலக்கையைத் தாள் மேல் வைத்தார். அது கட்டத்தின் மேல்தான் போய் விழுந்தது. "சரிதான். ஊற்று லொரென்சோவுக்கு."

பக்கத்தில் இருந்த எழுத்தர் மெதுவாக, "பொம்மையை நம்பி என்ன தீர்ப்பு துரை? ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர்னு எழுதிடலாமே" என்றார்.

"வேண்டாம்" என்றாள் இனேஸ். "முழுசும் எங்களுது. புத்தகம் அப்படித்தான் சொல்லுது."

லொரென்சோ சிரித்துவிட்டார். "ஏ புள்ள, விதை போடுற கை எதுன்னே மறந்துபோச்சா உனக்கு?"

"மறக்கல மாமா."

அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று பேருக்கும் முன்னால் இருந்தது ஒரே தாள்தான். துரை கட்டம் என்கிறார், எழுத்தர் பாதிப் பாதி என்கிறார், இனேஸ் நெளிக்கோடு என்கிறாள். இதில் யார் சொன்னது சரி? இன்னொரு செருப்பு மாட்டி முடிக்கிற வரைக்கும் யோசியுங்கள்.

மாட்டியாச்சு. இவளும் எழுந்து ஓடிவிட்டாள். விடையைச் சொல்கிறேன்.

இனேஸ் சொன்னதுதான் சரி. "துரை, நீங்க நிக்கணும்னு வேண்டிக்கிட்ட வலப்பக்கம் இந்தச் சுவர்ல எது?" என்று கேட்டாள். துரை யோசிக்காமல் சொர்க்கத்தைப் பார்த்துக் கை நீட்டினார். நீட்டியது இடக்கை. அதைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. படத்தில் வலப்பக்கம் என்றால் பார்க்கிறவருடையது இல்லை, நடுவில் உட்கார்ந்திருப்பவருடையது. சுவரையும் தாளையும் வரைந்தது ஒரே ஆள். அப்படியானால் தாளில் ஊர்த்தலைவரின் வலப்பக்கம் இருப்பது நெளிக்கோடு. "இல்ல, கட்டம்தான் வலப்பக்கம்னு மாமா சொன்னா, அவரு அந்த மீன் வாய்ப் பக்கமா போய் நிக்கட்டும்" என்றாள். தேவாலயம் என்றும் பார்க்காமல் எல்லோரும் சிரித்தார்கள். லொரென்சோவும் தலையைச் சொறிந்துகொண்டு, "மேய்ச்சலே போதும் தாயி, மீனை விட்டுடு" என்றார். அன்று மதியமே அவர் கையாலேயே மண்ணை வெட்டி வாய்க்காலைத் திறந்தார். வெடித்த மண்ணெல்லாம் குடித்துக் குடித்து மிச்சம் விட்ட தண்ணீர், மெள்ள முதல் பாத்திக்கு வந்து சேர்ந்தது. இனேஸ் பிள்ளையைக் கரையில் இறக்கிவிட்டு, மண்டியிட்டு, வலக்கையா இடக்கையா என்றெல்லாம் பார்க்காமல் இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை

"ஏ பரிமளா, புள்ளைக்குச் செருப்ப மாத்தில்ல போட்டு விட்டிருக்க!"

இதோ வந்துட்டேன் அத்தை, எதிரே உட்கார்ந்து மாட்டினேனா, அதுல என் வலதுதான் அவ வலதுன்னு