அஞ்சுகத்தின் இரும்பு

"என் கை சுத்தமில்லைன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை மேடம்," என்றார் திருவரங்கன்.

மருத்துவமனை ஆய்வகத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது டாக்டர் ஜெசிந்தா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். இப்போது ஜெசிந்தாதான் ஆய்வகத் தலைவர். ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் இரும்பை அளக்கும் முறையைத் திருவரங்கனுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

புகார் இதுதான். பிரசவ வார்டில் அஞ்சுகம் என்று ஒரு பெண். எட்டாம் மாதம். உதடு வெளுத்து, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஆனால் உடம்பில் இரும்பு போதுமான அளவு இருப்பதாகத் திருவரங்கனின் ரிப்போர்ட் சொன்னது. அதை நம்பி இரும்பு ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். வேறு நோயாக இருக்குமோ என்று, நாளைக் காலை இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுக்கப் போகிறார்கள்.

அதற்கு முன்னால் வார்டு டாக்டர் போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். ரிப்போர்ட் சரிதானா என்று.

அதுதான் திருவரங்கனுக்குத் தைத்துவிட்டது.

மறுபடி செய்து பார்த்தாரா என்று ஜெசிந்தா விசாரித்தார். பார்த்தாயிற்று, அதே அளவுதான் வந்தது என்றார்.

"கன்ட்ரோல்?"

"கச்சிதம்."

"பிளாங்க்?"

இரும்பின் அளவு முன்பே தெரிந்த மாதிரியைச் சோதிப்பது கன்ட்ரோல். ரத்தம் விடாமல் மருந்தை மட்டும் விட்டுப் பார்க்கும் குழாய்தான் பிளாங்க். இரும்பைக் கண்டால் அந்த மருந்து ஊதாவாகும். எவ்வளவு ஊதாவோ அவ்வளவு இரும்பு.

"பளிங்கு மாதிரி இருக்கு. துளி நிறமில்லை."

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தார்.

"அந்தம்மாவுக்குச் செஞ்ச மாதிரியே வெறும் தண்ணிக்குச் செய்யுங்க சார். ஒண்ணும் விடாம, அதே கையால."

சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கும் தண்டனையாகப் பட்டது அவருக்கு. ஆனாலும் எழுந்தார்.

நோயாளிகளின் ரத்தம் விடும் குழாய்கள் தனி வரிசை. அமிலத்தில் ஊறி, காய்ச்சி வடித்த வாலைநீரில் அலசி வந்தவை. அது போதும் என்றுதான் ஜெசிந்தா கற்றுக்கொடுத்திருந்தார். திருவரங்கனுக்குப் போதவில்லை. ரத்தம் பட்ட குழாய் ஆயிற்றே. பைப்பைத் திறந்து, ஒன்றை எடுத்து இன்னொரு முறை அலசிக் கவிழ்த்தார். பிளாங்க்குக்கும் கன்ட்ரோலுக்கும் வைத்திருந்த குழாய்களில் நோயாளி ரத்தம் பட்டதில்லை. அவற்றை அவர் இப்படிக் கழுவுவதில்லை.

"யாரும் இவ்வளவு பார்க்க மாட்டாங்க மேடம்."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் சார்."

குழாய் காய்ந்ததும், ரத்தத்துக்குப் பதில் வாலைநீரை விட்டார். அமிலம் விட்டார். மருந்து விட்டார். இருவரும் நின்றார்கள்.

நிறம் மெல்ல ஏறியது.

ஊதா.

திருவரங்கன் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். கீழே வைத்தார். எந்தப் புட்டியிலிருந்து எடுத்தோம் என்று திரும்பிப் பார்த்தார். வாலைநீர்தான்.

ஜெசிந்தா அதைக் கருவியில் வைத்து, வந்த அளவைப் படித்தார்.

"தண்ணி நல்ல ஆரோக்கியமா இருக்கு சார்."

திருவரங்கன் சிரிக்கவில்லை. பைப்படியைப் பார்த்தார். போர்வெல் தண்ணீர் விழுந்து விழுந்து தொட்டி முழுக்கத் துருவின் நிறம். தினமும் கை கழுவுகிற இடம்தான்.

போனை அவரே எடுத்தார். அஞ்சுகத்துக்கு மஜ்ஜை எடுக்க வேண்டாம், ரிப்போர்ட் தவறு, தவறு என்னுடையது, புதிதாக ரத்தம் எடுக்க இப்போதே வருகிறேன் என்று வார்டு டாக்டரிடம் சொன்னார். குரல் பிசகவில்லை.

ஊசியும் புதுக் குழாயும் எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் அங்கேயே நின்றார்.

"மத்தவங்களுக்கெல்லாம் நான் என்னன்னு எழுதிக் கொடுத்தேன் மேடம்?"