கிளிஞ்சல் கொடுத்த வெள்ளை

கிளிஞ்சல்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கடலும் உப்பங்கழியும் கலக்கும் இடத்தில் நெய்தலூர் என்றொரு ஊர் இருந்தது. எல்லாம் மண் வீடுகள். ஊர்க்காரர்களுக்கு வீட்டை அலங்கரிப்பதில் அப்படியொரு ஆசை. ஒருத்தி வாசல் சுவரில் செம்மண் பூசினால் மறுவாரம் தெருவே சிவந்துவிடும். ஒருவன் வாசல் நிலைக்கு மேலே மயிற்பீலி செருகினால் காட்டில் மயில்களுக்கு நிம்மதி போய்விடும். ஆனால் அழகெல்லாம் வெளியேதான். உள்ளே கருமண் சுவர், அடுப்புப் புகை, தாழ்ந்த கூரை; பட்டப்பகலிலும் இருட்டு. வீடு என்றால் உள்ளே இருட்டாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அந்த ஊரில் கொற்றி என்றொரு பெண் இருந்தாள். அவள் கணவன் சேந்தன் மீன் பிடிப்பவன். ஒரு கோடையில், காற்று நின்றுபோய் ஒன்பது நாள் நடுக்கடலில் கிடந்தான். தண்ணீரில் பட்டுத் தெறித்த வெயிலைப் பார்த்துப் பார்த்து அவன் கண்கள் கெட்டுப்போயின. கரைக்கு வந்த பிறகும் வெளியே தலை காட்ட முடியவில்லை. வெயில் பட்டால் கண்ணில் ஊசி இறங்கியது. வீட்டுக்குள் கண்ணைத் திறக்க முடிந்தது. ஆனால் அந்த இருட்டில் எதுவும் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியும் சேந்தன் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. விரலால் நெற்றியைத் தடவுவான், மூக்கைத் தடவுவான்.

"யாரு சாயல் கொற்றி?" என்று தினமும் கேட்பான்.

"உங்க சாயல்தான்."

"நேத்து உன் சாயல்னு சொன்னியே."

ஒருநாள் கொற்றி சுவரில் கையகலத்துக்கு ஓட்டை போட்டுப் பார்த்தாள். ஈட்டிபோல் பாய்ந்த வெயில் பட்டு சேந்தன் அலறிவிட்டான். அன்றே மண் குழைத்து அதை அடைத்தாள். விளக்கு ஏற்றினாலும் சுடர் அவன் கண்ணைக் குத்தியது.

பக்கத்து வீட்டுப் பூதி வந்து பார்த்தாள். "மயிற்பீலி கட்டிப் பாரேன். இப்போ எல்லார் வீட்லயும் அதுதான்."

"அது வெயில் பட்டாத்தானே அக்கா மினுங்கும்? எனக்கு வெயிலும் வேணாம், இருட்டும் வேணாம். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வேணும்."

"அப்படி ஒண்ணு உலகத்துல இருக்கா என்ன?"

மறுநாள் மதியம் நண்டு பிடிக்கக் கழிக்குப் போன கொற்றி, சேற்றில் ஒரு பெரிய கிளிஞ்சல் வாய் பிளந்திருப்பதைப் பார்த்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெளியே சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் இருந்த அந்த ஓட்டின் உள்ளே பால்போல ஒரு வெளிச்சம் தங்கியிருந்தது. அது கண்ணைக் கூச வைக்கவில்லை. பார்க்கப் பார்க்கக் கண் குளிர்ந்தது.

"என்ன பெண்ணே, அடுத்தவர் வீட்டுக்குள் இப்படி எட்டிப் பார்க்கிறாய்?" என்றது கிளிஞ்சல்.

"தப்புதான். உன் வீட்டுக்குள்ள மட்டும் எப்படி வெளிச்சம் வந்துச்சு?"

"நீங்கள் ஊர் பார்க்க வீட்டின் வெளிப்புறத்தைப் பூசுகிறீர்கள். நாங்கள் குடியிருக்கும் பக்கத்தைப் பூசுகிறோம்."

கொற்றி சேற்றிலேயே உட்கார்ந்து கணவனின் கண்ணைப் பற்றியும் மகளின் முகத்தைப் பற்றியும் சொன்னாள். கிளிஞ்சல் மெதுவாகச் சொன்னது: "கரையில் குவிந்திருப்பவை எங்கள் முன்னோர் விட்டுப்போன வீடுகள். எடுத்துக்கொள். உயிரோடு இருப்பவற்றைத் தொடாதே. ஓட்டுக்குள் இறுகிப்போன வெளிச்சத்தை நெருப்புதான் இளக்கும். நாங்கள் தண்ணீரில் பிறந்தவர்கள். அதனால் நெருப்புக்குப் பிறகு தண்ணீர் கொடு. அப்போது நீ ஓடிவிடாமல் நின்றால் வெளிச்சம் உன்னுடையது."

கொற்றி ஏழு கூடை ஓடுகள் பொறுக்கினாள். குழி வெட்டி, விறகும் ஓடுமாக மாற்றி மாற்றி அடுக்கி, விடியலில் தீ வைத்தாள். மறுநாள் காலை வரை எரிந்து அடங்கியது. ஊரே கூடிப் பார்த்தது. மினுமினுப்பெல்லாம் போய், ஓடுகள் எலும்புபோல் வெளுத்துக் கிடந்தன.

"இருந்த அழகையும் கெடுத்துட்டாளே" என்றாள் பூதி.

கொற்றி ஓடுகளைப் பெரிய மிடாப் பானையில் அள்ளிப் போட்டு, ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள்.

அப்போதுதான் அது நடந்தது. முதலில் பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். ஓடுகள் ஒவ்வொன்றாக வெடித்து மலர்ந்தன. அடியில் ஒரு பொறி நெருப்பு இல்லை. ஆனாலும் மிடா கொதித்தது! வெண்ணிற ஆவி கூரைக்கு மேல் எழுந்தது. தண்ணீர் தானாகக் கொதிப்பதை அதுவரை யார் கண்டார்கள்? கூட்டம் சிதறி ஓடியது. பூதியும் ஓடினாள். "வந்துடு கொற்றி, வந்துடு!" என்று தூரத்தில் நின்று கத்தினாள்.

கொற்றி நகரவில்லை. கொதித்துத் தெறித்த துளிகள் பட்டுக் கையில் கொப்புளங்கள் எழுந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மெல்ல மெல்லக் கொதி அடங்கியது. மிடா நிறைய, தயிர்போல் கெட்டியாக, வெள்ளை வெளேரென்று ஏதோ இருந்தது.

ஆறிய பின் நீர் விட்டுக் கரைத்தாள். தாழை விழுதின் நுனியை நசுக்கி நார் நாராக்கி, அதைத் தோய்த்து வீட்டின் உட்சுவரில் இழுத்தாள். நான்கு சுவரும் பூசி முடித்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சுவர் ஈரச் சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடந்தது. வாசலில் வந்து எட்டிப் பார்த்த பூதி, "விடு, உன்னால ஆனதைச் செஞ்சே" என்று அவள் தோளைத் தொட்டாள்.

சுவர் காயத் தொடங்கியது.

முதலில் மேல் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது உள்ளங்கையளவு ஆனது. ஒரு மேகம் விரிவதுபோல் சுவர் முழுக்கப் படர்ந்தது. அடுத்த சுவர், அதற்கடுத்த சுவர். வாசல் வழியாக எப்போதும் வந்து நிலைப்படியிலேயே செத்துவிடும் பகல், இப்போது சுவருக்குச் சுவர் தாவி வீடு முழுக்க நிறைந்தது. அதில் வெயிலின் சூடு இல்லை, கூர்மை இல்லை. பூதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் வாழ்ந்த கொற்றிக்கே தன் வீட்டுக் கூரையில் எத்தனை மூங்கில்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த சேந்தன் மெல்லக் கண்ணைத் திறந்தான். மூடவில்லை. மடியில் கிடந்த மகளைக் குனிந்து பார்த்தான். அவள் பொக்கை வாயால் சிரித்தாள்.

"கொற்றி," என்றான் குரல் உடைந்து, "இவ யாரு சாயலும் இல்லை. இவ இவளாவே இருக்கா."

ஊர் முழுக்க அந்த வெள்ளை பரவ ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அடுத்த அடைமழை வந்தது. ஈர ஓதம் ஏறியது, புகை படிந்தது, சுவர்கள் மங்கின. கொற்றி பதறிப்போய்க் கழிக்கு ஓடினாள்.

"வெளிச்சம் போகுதே, என்ன செய்ய?"

கிளிஞ்சல் சிரித்தது. "என் முதுகில் இருக்கும் வரிகளைப் பார். நாங்களும் ஒருமுறை பூசிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பூசிக்கொண்டுதான் வாழ்கிறோம். மழை ஓய்ந்ததும் நீயும் பூசு." சொல்லிவிட்டு, தன் வீட்டைப் பூசும் வேலைக்காக வாயை மூடிக்கொண்டது. அதன் பிறகு எந்தக் கிளிஞ்சலும் மனிதரோடு பேசியதில்லை.

அன்று முதல்தான், மழை ஓய்ந்து தை பிறக்கும் முன் சுண்ணாம்பு கரைத்து வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் வந்தது.