சொக்கு போட்ட மூன்று வரிசை

ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டு, அந்தத் திட்டின் மேல் ஒரு காடு இருந்தது. சின்னக் காடுதான், பிள்ளைகளே. இந்தக் கோடியில் முயல் தும்மினால் அந்தக் கோடியில் கீரி திரும்பிப் பார்க்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை மலையில் மழை கொட்டும். ஆறு பெருகித் திட்டின் மேல் ஏறும். அப்போதெல்லாம் பெரியாமைதான் வந்து, பறக்க முடியாததையும் நீந்தத் தெரியாததையும் தன் முதுகில் ஏற்றி அக்கரையில் விடும். கூலி கிடையாது. ஒரே ஒரு கட்டுப்பாடுதான்.

"உயிருள்ளது மட்டும் ஏறு. மூட்டை முடிச்சுக்கு என் முதுகில் இடமில்லை."

ஆனால் ஏறும் இடத்தில் ஒவ்வொரு வருஷமும் தள்ளுமுள்ளு. போன வருஷம் அணிலின் வால் மேல் காட்டுச்சேவல் ஏறி நின்று, வால் பாதி போயிற்று. அதனால் இந்த வருஷம் எல்லாம் கூடிப் பேசி, சொக்கு என்ற கிளியிடம் போய் நின்றன.

சொக்கு பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தது. அங்கே ஜன்னல் ஓரத்தில் ஒரு கூண்டு. கூண்டுக்கு உள்ளே சொக்கு, ஜன்னலுக்கு உள்ளே இங்கிலீஷ் வகுப்பு. பறந்துவிடக்கூடாது என்று இறகை வெட்டி வைத்திருந்தார்கள். ஒருநாள் கதவு திறந்து கிடக்கவே, தத்தித் தத்தி வெளியேறி, வற்றிக் கிடந்த ஆற்றில் நடந்தே திட்டுக்கு வந்து சேர்ந்தது. வந்த நாளில் இருந்து காட்டில் அதற்கு வாத்தியார் என்று பேர்.

"வாத்தியாரே, நீங்கதான் ஒரு ஒழுங்கு பண்ணணும்" என்றது முயல்.

சொக்குவுக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீண்டது.

"இங்கிலீஷ்ல எல்லாப் பேரையும் வகை பிரிச்சுத்தான் வச்சிருக்காங்க. ஆண் எல்லாம் இந்தப் பக்கம். பெண் எல்லாம் அந்தப் பக்கம். ரெண்டும் இல்லாதது பொருள், அது நடுவுல குவியலாக் கிடக்கட்டும். வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஏறுங்க. தள்ளு ஏது, முள்ளு ஏது?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆறு பெருகத் தொடங்கியதும் சேவல் வலப்பக்கம் போயிற்று, கோழி இடப்பக்கம் போயிற்று.

எறும்புகள் வந்தன. "நாங்க எத்தனை இடம்?"

"கூட்டத்துக்கு ஒரே பேர். ஒரே இடம்."

மூவாயிரம் எறும்பும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, "நல்ல படிப்புதான்" என்று மெச்சின.

முயல் மெதுவாகக் கேட்டது. "வாத்தியாரே, எனக்குள்ள பயம்னு ஒண்ணு இருக்கு. அது எந்த வரிசை?"

சொக்கு யோசித்தது. "அதுவும் ஒரு பேர்தான். கண்ணுக்குத் தெரியாத பேர். நீ எங்கே நிக்கிறியோ அங்கேயே அதையும் நிறுத்திக்க."

அடுத்து நத்தை ஊர்ந்து வந்தது. "நான் ஆணும்தான், பெண்ணும்தான். எங்க இனமே அப்படி. எங்கே நிக்கட்டும்?"

சொக்கு தலையைச் சொறிந்தது. வகுப்பில் இதைச் சொன்னதாக நினைவில்லை. "இப்போதைக்குக் கொஞ்சம் நடுவுல இரு" என்றது.

அப்போது எங்கிருந்தோ ஒரு பொம்மைப் படகு கரை ஒதுங்கியது. மரத்தில் செய்தது, அடியில் ஓட்டை. சொக்கு அதை அலகால் கவ்விப் போய் கோழிக்குப் பின்னால் வைத்தது.

"இது எதுக்கு எங்க வரிசையில?" என்று கோழி துள்ளியது.

"இங்கிலீஷ்ல கப்பலை 'அவள்'னுதான் சொல்லுவாங்க. தள்ளி நில்லும்மா."

இத்தனையையும் ஒரு ஆட்காட்டிக் குருவி பார்த்துக்கொண்டே இருந்தது. கூழாங்கல்லுக்கு நடுவே தரையில் முட்டையிடுகிற குருவி அது. வலது வரிசைக்கும் இடது வரிசைக்கும் நடுவேதான் அதன் நான்கு முட்டையும் கிடந்தன. கல் எது, முட்டை எது என்று கண்டுபிடிக்க முடியாத நிறம். அதற்குச் சிறகு இருந்தது, எப்போதோ பறந்து போயிருக்கலாம். முட்டைக்குச் சிறகு ஏது? தண்ணீர் ஒரு முழத் தூரத்துக்கு வந்துவிட்டது.

"வாத்தியாரே, என் முட்டைக்கு எந்த வரிசை?"

"ஆணா, பெண்ணா?"

"இன்னும் பொரிக்கலையே, எப்படிச் சொல்ல?"

"அப்போ பொருள். நடுவுல."

"பொருளை ஆமை ஏத்தாதே!"

"நான் என்ன செய்ய? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"ஓட்டைப் படகுக்கு இடம் இருக்கு, என் பிள்ளைக்கு இல்லையா?"

சொக்குவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அத்தனை பேர் எதிரில் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? "முறை முறைதான்" என்றது.

குருவி கத்தவில்லை, அழவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டது.

"சரி வாத்தியாரே. நீங்க எந்தப் பக்கம் நிக்கப் போறீங்க?"

"நானா?"

"நீங்களும் ஏறணும்ல? உங்களுக்கும் பறக்க வராதே."

"நான்... நான் வரிசை போடுறவன். போடுறவள். அதாவது..."

காட்டுச்சேவல் எட்டிப் பார்த்தது. "ஆண் கிளின்னா கழுத்தைச் சுத்தி வளையம் இருக்குமே. உனக்கு இல்லையே! வா, கோழி பக்கம் போ."

"அதெப்படி?" என்றது அணில். "இளங்கிளிக்கு ஆணா இருந்தாலும் வளையம் இருக்காது. ரெண்டு மூணு வருஷம் போகணும்."

"உனக்கு என்ன வயசு வாத்தியாரே?" என்று கேட்டது சேவல்.

"ஒண்ணரை" என்றது சொக்கு. ஆணா பெண்ணா என்று இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அதுவும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

கரையில் பெரியாமை கழுத்தை நீட்டியது. "என்ன அங்கே பேச்சு? தண்ணி ஏறுது. கிளி ஏன் இன்னும் வரிசையில நிக்கலை?"

"நான் எந்த வரிசைன்னு தெரியலையே ஆத்தா!" என்றது சொக்கு.

"தெரியலைன்னா எங்கேன்னு நீதான் சொன்னியாம்" என்றது கீரி. பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

சொக்கு தத்தித் தத்தி நடுவே போய், நத்தைக்கும் நான்கு முட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தது. ஆற்றுத் தண்ணீர் ஒருமுறை வந்து அதன் காலை நக்கிவிட்டுப் போயிற்று. வெட்டிய இறகு வெடவெடவென்று நடுங்கியது.

நடுங்கி நடுங்கி ஒரு முட்டையின் மேல் சாய்ந்தது.

டொக்.

சொக்கு தலையைத் தூக்கியது. தன் நெஞ்சு அடிக்கிற சத்தமோ? மறுபடியும் காதை வைத்தது.

டொக். டொக். உள்ளே இருந்து மெல்லிசாக ஒரு கீச்சு.

சொக்குவுக்குத் தன் பயமே மறந்து போயிற்று. அடுத்த முட்டையில் காதை வைத்தது. அதிலும் டொக். "உள்ளே யாரோ இருக்காங்க!" என்று காடு அதிரக் கத்தியது. "ஆத்தா, இது பொருள் இல்லை! தட்டுது! நான் எதையும் தொட்டுக்கூடப் பார்க்காம வரிசை போட்டுட்டேன். வரிசையைக் கலைங்க! இதை முதல்ல ஏத்துங்க, நான் கடைசியா வரேன்!"

"அப்படிச் சொல்லு" என்றது பெரியாமை. "உயிருள்ளதான்னுதான் நான் கேட்டேன். வேற எதையும் நான் கேட்கவே இல்லையே."

குரங்கு ஒன்று ஈரப் புல்லை வாரி ஆமை முதுகில் பரப்பி, நான்கு முட்டையையும் ஒவ்வொன்றாக வைத்தது. நத்தை ஏறியது, முயல் ஏறியது. தண்ணீர் வயிற்றைத் தொடும்வரை நின்றுவிட்டு, கடைசி நடையில்தான் சொக்கு ஏறியது. பொம்மைப் படகு தன்பாட்டில் மூழ்கிப் போயிற்று.

அக்கரையில் பொழுது சாயும் முன்பே நான்கு ஓடும் பிளந்தன. ஈரப் பஞ்சுபோல் நான்கு குஞ்சுகள் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தன.

சொக்கு பக்கத்தில் போய் உற்று உற்றுப் பார்த்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, இதுல ஆண் எது, பெண் எது?"

"எனக்கும் தெரியாது" என்றது குருவி. "நாலுக்கும் குளிருதுன்னு மட்டும் தெரியுது. இப்படி வந்து காத்தை மறைச்சு நில்லு."

சொக்கு காற்று வந்த பக்கமாக நகர்ந்து நின்றது.

நீதி: எந்த வகை என்று கேட்கும் முன், உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்.