அக்கரையில் பிறந்தவர்கள்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், பெயரைச் சொன்னால் அந்த நாட்டார் என்னோடு வம்புக்கு வருவார்கள், ஒரு மகாராஜா மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். அப்போது மேற்கு வாசல் பக்கமிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பென்றால் சும்மா சிரிப்பா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறிச் சிரிக்கிற சிரிப்பு. நடுநடுவே பேச்சும் கேட்டது. அந்தப் பாஷையில் ஒரு சொல்கூட அவருக்குப் புரியவில்லை.

புரியாத பாஷையில் ஒருவன் சிரித்தால் நமக்கு என்ன தோன்றும்? மகாராஜாவுக்கும் அதேதான் தோன்றியது. 'என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்!'

சிரித்தவர்களில் ஒருவன் அவருடைய சொந்த விகடகவி ஓயாமாரி. இன்னொருவன் மேற்கு வாசலில் பொரி வறுத்து விற்கும் சங்கிலி. இருவருக்கும் சொந்த ஊர் ஆற்றுக்கு அக்கரையில், அதற்கும் அப்பால் மலைகளைத் தாண்டி ஒரு சின்னச் சீமை. ஓயாமாரி இந்தத் தலைநகருக்கு வந்து பதினாறு வருஷம். பெண்டாட்டி பிள்ளை இல்லை. சபையில் இருநூறு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், பேசச் சுவர்தான் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் சங்கிலி சட்டியும் கரண்டியுமாக வந்து சேர்ந்தான். சட்டி சுட்டதும் அவன் திட்டிய ஒரு வசவைக் கேட்டு, தெருவில் போய்க்கொண்டிருந்த ஓயாமாரி அப்படியே நின்றுவிட்டான். அவன் ஊர் வசவு! அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. ரத்த உறவு எதுவும் கிடையாது. பாஷை ஒன்று என்பதால் அன்றே இருவரும் மச்சான் மாப்பிள்ளை ஆனார்கள். அந்த ஊரில் ஓயாமாரிக்கு இருந்த ஒரே ஆள் அவன்தான்.

மறுநாள் சபையில் மகாராஜா சிரிப்பைப் பற்றி விசாரித்தார். ஓயாமாரி உடனே எழுந்து ஒப்புக்கொண்டான்.

"சிரித்தவன் நான்தான், மகாராஜா. எங்கள் ஊரில் ஒரு பூசாரி ஆற்றில் குளிக்கும்போது எருமை வந்து அவர் வேட்டியைத் தின்றுவிட்டது. அவர் உடுக்கையை முன்னால் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்து வந்தார். அதை நினைத்துச் சிரித்தோம்."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் பாஷையில் சொன்னால் கல்லும் சிரிக்கும். இந்தப் பாஷைக்கு வந்ததும் எருமை வெறும் எருமையாகிவிட்டது, என்ன செய்ய?

"ஓர் எருமைக்கா அவ்வளவு சிரிப்பு?" என்றார் மகாராஜா, புருவத்தை உயர்த்தி.

இதற்காகவே பல வருஷம் காத்திருந்தவர் பிரதானி வெங்கடாத்திரி. ஓயாமாரிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பரிசும் அவர் வயிற்றில் நெருப்பு. அவர் கைகூப்பி எழுந்தார்.

"மகாராஜா! வீட்டுக்குக் கதவு உண்டு, நாட்டுக்கு வேண்டாமா? யார் யாரோ வருகிறார்கள், என்னென்னவோ பேசுகிறார்கள். இந்த மண்ணில் பிறக்காதவன் எவனாயினும், பெரியவன் சிறியவன் பாராமல் ஆற்றைக் கடத்திவிட ஆணையிடுங்கள். ஊர்க்காவலர்கள் வீடு வீடாகச் சென்று, 'நீ எங்கே பிறந்தாய், பிறந்தபோது கூட இருந்த சாட்சி யார்' என்று கேட்கட்டும்."

ஊர்க்காவல் தலைவன் வீரணன் சபையில் அதிகம் பேசுகிறவன் அல்ல. அன்று பேசினான். "மகாராஜா, என் ஆட்கள் திருடனைப் பிடிக்க இருப்பவர்கள். ஒரு வீட்டில் திருட்டுப் போனால் ஓடி வந்து எங்களைத்தான் அழைக்கிறார்கள். நாளை முதல் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள். பிறகு திருடனைப் பற்றி யார் வந்து சொல்வார்கள்?"

"யாருக்கும் தீங்கு செய்யாமல் தன் வீட்டில் தன் கஞ்சியைக் குடிக்கிறவனிடம் அரசருக்கு என்ன கேள்வி, மகாராஜா? அவன் வாசற்படி அவனுடையது" என்றான் ஓயாமாரி.

"என் நாட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அறிய எனக்கு உரிமை இல்லையா?" என்று மகாராஜா சீறினார். கேள்வி நியாயமானதுதான்.

பிரதானி தேன் ஒழுகப் பேசினார். "விகடர் அரண்மனை உப்பைத் தின்றவர். அவருக்கு விலக்கு அளியுங்கள். ஆனால் ஆணையை நிறைவேற்றும் பொறுப்பும் அவருடையதாகட்டும். அரண்மனை மேற்கு வாசலில் தொடங்கி, ஒரு வீடு விடாமல்!" மகாராஜா தலையசைத்தார்.

மேற்கு வாசலில் தொடங்கினால் முதலில் அகப்படுகிறவன் யார்? சங்கிலி! மாட்டேன் என்றால் ராஜத்துரோகம். செய்தால் தன் கையாலேயே தன் ஒரே மனிதனைப் படகேற்ற வேண்டும். ஓயாமாரி குனிந்து வணங்கினான். "ஆணை, மகாராஜா" என்று மட்டும் சொன்னான்.

அன்று சாயங்காலமே தண்டோரா போட்டார்கள். பிரதானிக்கு அதுவும் போதவில்லை. இரண்டு காவலர்களை அனுப்பிச் சங்கிலியின் கதவைத் தட்டி, "நாளைக்கு வருவோம்" என்று சொல்லவைத்தார். தினமும் அவனிடம் பொரி வாங்கி மென்றுகொண்டே காவல் காத்த அதே காவலர்கள்தான்.

கதவைத் தட்டியது ஓயாமாரிக்குத் தெரியாது. அவன் ஆற்றுத்துறையில் போய் உட்கார்ந்திருந்தான். அங்கே ஒரே கூட்டம். வளைகாப்பு முடிந்த ஒரு பெண், முழங்கை வரை கண்ணாடி வளையல் குலுங்க, பெரிய வயிற்றோடு படகில் ஏறிக்கொண்டிருந்தாள். "தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குப் போறா" என்றான் படகோட்டி. ஆறுதான் அந்த நாட்டுக்கு எல்லை, ஆனாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஆற்றைத் தாண்டித்தான். ஓயாமாரி படகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துள்ளி எழுந்தான்.

அப்போதே சங்கிலியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். மடையன், சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சொன்னால் இருவரும் உருண்டு புரண்டு சிரிக்கலாமே என்று ஆசைப்பட்டுவிட்டான்.

விடிந்ததும் வீரணனும் பத்துக் காவலர்களும் மேற்கு வாசலில் கூடினார்கள். சங்கிலியின் கடை இன்னும் திறக்கவில்லை. ஓயாமாரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாசலுக்குள் நுழைந்து, நேரே மகாராஜாவின் அந்தரங்க அறைக் கதவைத் தட்டினான்.

"யாரது?"

"மேற்கு வாசலில் தொடங்கினோம், மகாராஜா. முதல் வீடு இதுதான். தாங்கள் எங்கே பிறந்தீர்கள்? சாட்சி யார்?"

மகாராஜா கலைந்த தலையோடு வெளியே வந்தார். "பைத்தியமா உனக்கு? நான் இந்த மண்ணின் அரசன்! இங்கேதான் பிறந்தேன்!"

சத்தம் கேட்டு ராஜமாதா பூஜையிலிருந்து எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு.

"என்னடா ராசா இப்படிச் சொல்றே? நீ தலைச்சன் பிள்ளையாச்சே! அக்கரையில எங்கம்மா வீட்டுலதான் உன்னைப் பெத்தேன். அஞ்சாம் மாசம்தான் உன்னைத் தூக்கிட்டு இங்க வந்தேன். ஆத்துல படகு ஆடுச்சுன்னு நீ அழுத அழுகை இன்னும் எனக்குக் காதுல இருக்கு."

தாய்வீட்டில் பிறப்பது அந்த நாட்டில் அவ்வளவு சாதாரணம். அதை அந்நிய மண்ணில் பிறந்ததாக யாருமே நினைத்துப் பார்த்ததில்லை.

பிரதானி ஓடி வந்தார். "அரசருக்கும் சட்டமா? அபசாரம்!"

"பெரியவன் சிறியவன் பாராமல் என்று சொன்னது தாங்கள்தானே, பிரதானியாரே? அது கிடக்கட்டும். தாங்கள் எத்தனையாவது பிள்ளை?"

"மூத்த பிள்ளை" என்று பெருமையாகச் சொன்ன பிரதானி, நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருடைய அம்மாவுக்கும் பிறந்த வீடு அக்கரைதான். பின்னால் நின்ற சேனாதிபதி மெல்லத் தூண் மறைவுக்கு நகர்ந்தார். அவரும் மூத்த பிள்ளை.

"கவலைப்படாதீர்கள், மகாராஜா" என்றான் ஓயாமாரி பணிவாக. "படகில் மெத்தை போடச் சொல்லியிருக்கிறேன். பிரதானியார் துடுப்புப் போடுவார்."

மகாராஜாவுக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்: "ஆனால் ஒன்று, ஓயாமாரி. என் வீட்டில், என் கதவைத் தட்டி 'நீ எங்கே பிறந்தாய்' என்று கேட்டபோது, எனக்கே நெஞ்சு பக்கென்று ஆகிவிட்டது."

ஆணை அங்கேயே கிழிக்கப்பட்டது. இனி ஊர்க்காவலர்கள் திருடனை மட்டும் பிடிக்க வேண்டும், குற்றம் செய்யாதவன் வாசற்படியை அரசாங்கத்தின் கால் மிதிக்கக் கூடாது என்று புதிய ஆணை பிறந்தது. மகாராஜா தம் பட்டுச் சால்வையைக் கழற்றி ஓயாமாரியின் தோளில் போர்த்தினார்.

அந்தச் சால்வையோடு அவன் மேற்கு வாசலுக்கு ஓடினான்.

சங்கிலி தெருவில் நின்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். சட்டி, கரண்டி, சல்லடை, ஒரு பாய். அவ்வளவுதான் அவன் சொத்து.

"மாப்ளே! எல்லாம் முடிஞ்சு போச்சு! ராசாவையே படகேத்தப் பாத்தேன்!" என்று மூச்சு வாங்கியபடி முழுக் கதையையும் தங்கள் பாஷையில் கொட்டினான் ஓயாமாரி. சங்கிலி கேட்டான். 'பிரதானியார் துடுப்புப் போடுவார்' என்ற இடத்தில் சிரிக்கவும் செய்தான். ஆனால் முடிச்சுப் போட்ட கை நிற்கவில்லை.

"அதான் ஆணையைக் கிழிச்சாச்சே, இன்னும் ஏன்டா கட்டுறே?"

"கிழிச்சாச்சு மச்சான், சந்தோசம். ஆனா நேத்து வந்து தட்டிட்டாங்கல்ல? எங்கையால பொரி தின்னவனுங்கதான் தட்டுனாங்க. ராத்திரி பூரா காத்துல கதவு ஆடுனாக்கூட எந்திரிச்சு உக்காந்தேன். இனிமே இங்க எனக்குத் தூக்கம் வராது."

"நான் இருக்கேன்லடா."

"நீ இருக்கே. அடுத்த தடவை யாராச்சும் சிரிச்சு ராசா முழிச்சுக்கிட்டாருன்னா?" சங்கிலி மூட்டையைத் தலையில் வைத்தான். "நீயும் வாயேன் மச்சான்."

"அங்க எனக்கு யாரு இருக்கா?" என்றான் ஓயாமாரி. சங்கிலி அவன் தோளைத் தொட்டுவிட்டு நடந்தான். ஓயாமாரி ஆற்றுத்துறை வரை கூடவே போனான். படகு அக்கரை சேரும்வரை அங்கேயே நின்றான்.

மறுநாள் சபை கூடியது. மகாராஜா மிகுந்த உற்சாகத்தில் இருந்தார்.

"ஓயாமாரி! இனி என் நாட்டில் எந்தப் பாஷைக்கும் பயமில்லை. எங்கே, உன் பாஷையில் வாய்விட்டு ஏதாவது பேசு. நாங்கள் எல்லோரும் கேட்கிறோம்."

ஓயாமாரி எழுந்து நின்றான். பிறகு கைகூப்பிச் சொன்னான்: "ஆகட்டும், மகாராஜா. ஆனால் பதில் பேச ஓர் ஆள் வேண்டுமே!"

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சபையே சிரித்தது. இத்தனை வருஷத்தில் இதுபோன்ற விகடத்தைக் கேட்டதே இல்லை என்று சொல்லி, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.