பீரங்கிக்காரர் முனிரத்தினத்தின் இடது காது

பீரங்கிப் படையில் பதினேழு வருஷம் இருந்து இடது காது செவிடாகிப்போன முனிரத்தினத்துக்கு அன்று கடைசி மேல்முறையீடு. இதுவும் போனால் ஊன பென்ஷன் கனவுதான். கையில் ஓர் உறையோடு மருத்துவக் குழுவின் முன் நின்றார்.

"இது பிறவிக் கோளாறு, பட்டாளத்துல வந்ததில்லை!" என்று அதட்டினார் மருத்துவக் குழுத் தலைவரான கர்னல்.

முனிரத்தினம் கேட்டார். "அப்போ, நான் சேரும்போது ரெண்டு காதும் நல்லா கேக்குதுன்னு எழுதிக் கொடுத்த டாக்டர்?"

"அவன் ஒண்ணும் தெரியாத மடையன்!"

"அதை அவர் பேரோட எழுதிக் கொடுத்துடுங்க சார்." உறையிலிருந்த பழைய சான்றிதழை நீட்டினார்.

பேனாவைத் திறந்த கர்னல், சான்றிதழின் அடியில் தன் கையெழுத்தே இருப்பதைப் பார்த்தார்.

"சரி, என்னன்னு எழுதறது?" என்று முணுமுணுத்தார்.

முனிரத்தினம் இடது காதைத் திருப்பிக் காட்டினார். "சத்தமா கேளுங்க சார். இது பட்டாளத்துல போன காது."