கழற்றாத சீட்டு

"எட்டு இன்டர்வியூ போயிட்டேன் சார். எட்டுலயும் நல்லாத்தான் பதில் சொன்னேன். ஏன் ஒருத்தர்கூட என்னை எடுக்கல?"

கேட்டவர் தாணுலிங்கம். பதினாலு வருடமாகப் பேராசிரியர் குலசேகரனின் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளர். அங்கிருந்து வெளிவந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் அவருடைய உழைப்பு.

பேராசிரியர் மறுநாள் ஓய்வு பெறுகிறார். பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"போன வாரச் சோதனை என்ன ஆச்சு?" என்றார்.

கேட்டதற்கு நேராகப் பதில் வராது. தாணுவுக்கு அது பழகிப்போயிருந்தது.

"வெட்டுற நொதியை நிறுத்திப் பார்த்தேன் சார்."

செல்லுக்குள் சில குட்டிப் புரதங்கள் உண்டு. யுபிக்விட்டின் என்று ஒன்று, அதன் பங்காளிகள் சில. பெரிய புரதங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் கதி மாறிவிடும். வேலை நிற்கலாம், இடம் மாறலாம், அரைபட்டே போகலாம். காரியம் முடிந்ததும் ஒட்டியதை வெட்டிக் கழற்றவென்றே நொதிகள் இருக்கின்றன. தாணு ஆராய்ந்தது அவற்றைத்தான்.

"நிறுத்தினா?"

"ஒட்டினது ஒட்டினபடியே நின்னுச்சு. புரதம் மொத்தமும் அரைவைக்குப் போயிடுச்சு."

"அந்தப் புரதத்துல கோளாறு ஏதும் உண்டா?"

"ஒண்ணும் இல்ல சார். கழட்ட ஆள் இல்ல. அவ்வளவுதான்."

பேராசிரியர் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தார். அட்டையில் தாணுலிங்கத்தின் பெயர்.

தாணு எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும், இந்த ஃபைலைப் பார்த்துத்தான் துறையிலிருந்து குறிப்பு போகும். அதை அவர் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

"திற."

முதல் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு குத்தியிருந்தது.

'விசாரணை நிலுவையில் உள்ளது.'

கீழே பேராசிரியரின் கையெழுத்து. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"அந்த ஃப்ரீசர் விஷயமா சார்?"

"ஆமா."

"உள்ளே இருந்த செல்லெல்லாம் செத்ததுக்குக் காரணம் மோட்டார்னு இருபது நாள்லயே தெரிஞ்சுதே. என் மேல தப்பில்லன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"எழுதினேன். உள்ளே இருக்கு."

தாணு புரட்டினார். ஒன்பதாவது தாளாக அது இருந்தது. அவ்வளவு தூரம் யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள்.

"சீட்டை யார் சார் எடுத்திருக்கணும்?"

"குத்தினவன்."

பேராசிரியர் குண்டூசியை உருவினார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இப்போ சுத்தமா இருக்கு. மறுபடி அப்ளை பண்ணு."

"வயசு வரம்பு நாற்பத்தஞ்சு சார். போன மாசம் எனக்கு நாற்பத்தாறு ஆச்சு."

தாணு ஃபைலை மூடினார்.

"அரைவையோட வாசல்லயும் ஒரு நொதி உண்டு," என்றார் தாணு. "புரதம் உள்ளே போற கடைசி நேரத்துல ஒட்டினதை வெட்டி எடுத்துடும். ஒட்டினது பத்திரமா வெளியே வந்துடும். புரதம் உள்ளே போயிடும்."

பேராசிரியரின் கை சட்டைப் பைக்குப் போனது. பிறகு இறங்கியது.

"மறந்துட்டீங்களா சார்?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்ற கெஞ்சல் அந்தக் குரலில் இருந்தது.

பேராசிரியர் சுவரோரம் அடுக்கியிருந்த சோதனைக் குழாய்களைப் பார்த்தார். ஒவ்வொரு லேபிளிலும் தாணுவின் கையெழுத்து.

"முதல் வருஷம் மறந்தேன்," என்றார்.