ஐந்து கேள்விகளுக்கு விடை கொடுத்த கதை

நெட்டூரணி நூல் மில்லில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரின் வயதையும் கூட்டினால் இருநூற்று இருபத்தாறு வரும். அறிவையும் அப்படிக் கூட்டிப் பார்க்கலாமே என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

மூத்தவர் கொம்பையா. எதையும் யோசித்துத்தான் செய்வார். மில்லில் எது கெட்டுப்போனாலும் அவர் யோசித்த பிறகுதான் கெட்டுப்போகும். அடுத்தவர் இருளாண்டி. கொம்பையா எதைச் சொன்னாலும் "அதான்" என்பார். மூன்றாவது சீனியம்மாள். ஒரு வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் அதில் பாதியைச் செய்துவிடுவார். எந்தப் பாதி என்பதுதான் பிரச்சினை. நாலாவது ஆள் வெயிலுமுத்து. இந்தக் கதை பெரும்பாலும் அவருக்கு நடந்தது.

வெயிலுமுத்து மில்லில் சேர்ந்து முப்பத்தொரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்குக் கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று தெரியாது. வீட்டு வாசலில் நின்று மில் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். திங்கள் காலையில்தான் அவருக்கு மூச்சு சீராக வரும்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் புது மெஷின் வந்து இறங்கியது. பழைய மெஷினில் நூல் அறுந்தால் அது ஒரு கத்து கத்தும். புது மெஷின் கத்தாது. நெற்றியில் இருக்கும் கண்ணாடித் திரையில் எழுதிக் காட்டும்.

"அது எழுதும், நீங்க படிக்கணும்" என்றார் மேனேஜர் வரதராஜுலு. "மில்லுல எழுத்துத் தெரியாதவங்க நீங்க நாலு பேருதான். டீச்சர் போட்டிருக்கு. மூணு மாசம் படிங்க. பரீட்சையில தேறுனா மெஷின். தேறலைன்னா வீடு."

வீடு என்ற சொல்லைக் கேட்டதும் வெயிலுமுத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். வாரத்துக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு மனுஷன் எத்தனை நேரம்தான் வாசலில் நிற்பது?

முதியோர் கல்வி டீச்சர் பொற்கொடி நல்ல பெண். கோபம் வராது. வந்தாலும் மூக்கு நுனி மட்டும் சிவக்கும். முதல் நாள் வகுப்பில் நாலு பேரையும் பார்த்து, "படிக்கிறதுக்கு வயசு ஒரு தடையே இல்லை. முதல்ல உங்க வயசை மறந்துருங்க" என்றார்.

அன்று சாயங்காலமே நாலு பேரும் மறக்க உட்கார்ந்தார்கள். கொம்பையாவுக்கு டீ ஆறுவதற்குள் மறந்துவிட்டது. சீனியம்மாளுக்கு அதற்கு முன்பே மறந்துவிட்டது. வெயிலுமுத்து கண்ணை மூடிக் கொஞ்சம் சிரமப்பட்டு மறந்தார். இருளாண்டிக்குத்தான் முடியவில்லை.

"அம்பத்தேழு, அம்பத்தேழுன்னு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு அண்ணாச்சி."

"வேற ஒரு நம்பரை நினையும்வே. அது இதைத் தள்ளிவிட்டுரும்" என்றார் கொம்பையா.

மறுநாள் டீச்சர் பதிவேட்டில் எழுத வயது கேட்டார். மூன்று பேர், "மறந்தாச்சு டீச்சர்" என்றார்கள். இருளாண்டி, "பதினொண்ணு" என்றார். பதிவேடு ஆபீசுக்குப் போனது. பதினோரு வயது ஆளை வேலைக்குச் சேர்த்தது யார் என்று அங்கே இரண்டு நாள் விசாரணை நடந்தது.

இரண்டாவது மாதம், வகுப்பு முடிகிற நேரத்தில் டீச்சர் வீட்டுப்பாடம் சொன்னார். "கோடிட்ட இடங்களை நிரப்புக. நாளைக்குக் காலையில பார்ப்பேன்." அதற்குள் சங்கு ஊதிவிட்டது. நோட்டில் எந்தப் பக்கம் என்று சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"கோடு போட்ட இடம் எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார் சீனியம்மாள்.

வெயிலுமுத்துவுக்குத் தெரிந்திருந்தது. புது மெஷின் ஹாலில், மெஷினிலிருந்து முன்வாசல் வரைக்கும் தரையில் மஞ்சள் பெயின்டில் இரண்டு கோடு போட்டிருந்தது. நடுவில் ஒன்றுமே வைக்காமல் சும்மா கிடந்தது. தீ கீ பிடித்தால் ஆட்கள் ஓடுவதற்கான வழி அது.

"இத்தனை நாளாக் காலியாக் கிடக்கு, ஒருத்தனுக்கும் தோணலை பாரும்" என்றார் கொம்பையா.

"அதான்" என்றார் இருளாண்டி.

எதை வைத்து நிரப்புவது என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. தண்ணீர் என்றார் சீனியம்மாள். தண்ணீர் கோட்டுக்கு வெளியே போய்விடும், மார்க் குறையும் என்றார் வெயிலுமுத்து. கடைசியில் பஞ்சுப் பொதி என்று முடிவானது. அன்றைக்கு நாலு பேரும் உழைத்த மாதிரி முப்பத்தொரு வருஷத்தில் வெயிலுமுத்து உழைத்ததில்லை. ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். ஒரு இடத்தில்கூடக் கோட்டை மிதிக்கவில்லை.

மறுநாள் காலையில் மில்லின் பாதுகாப்பைப் பார்க்க ஓர் அதிகாரி வந்திருந்தார். மேனேஜர் அவரைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்து மெஷினைக் காட்டிவிட்டு, முன்வாசல் வழியாகப் போகலாம் என்று திரும்பினார். முன்வாசல் இல்லை. பஞ்சுதான் இருந்தது. பொதிக்கு அந்தப் பக்கமிருந்து கொம்பையாவின் குரல் மட்டும் கேட்டது.

"கொஞ்சம் நெருக்கி வச்சா இன்னும் நாலு பொதி பிடிக்கும் சார்."

அதிகாரி போன பிறகு மேனேஜர் டீச்சரைக் கூப்பிட்டுப் பேசினார். டீச்சர் மூக்குச் சிவந்து திரும்பி வந்தார். "இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. பாடம் முழுசும் உங்களுக்குத் தலைகீழாத் தெரிஞ்சிருக்கணும். இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

வெயிலுமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இடுப்பு வலியோடு தலைகீழாக நிற்க முடியுமா என்பதுதான் அவர் கவலை. கொம்பையா யோசித்து வழி சொன்னார்.

"டீச்சர் நம்மளத் தலைகீழா நிக்கச் சொல்லலைவே. பாடம்தான் தலைகீழா இருக்கணும்."

அன்றிலிருந்து நாலு பேரும் புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்துப் படித்தார்கள். விளையாட்டாக இல்லை, உயிரைக் கொடுத்துப் படித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலுமுத்து வாசலில் நிற்கவே இல்லை. மில் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே ஞாபகம் வரவில்லை. ஒரு நாள் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு சொல்லாகி நின்றது. 'மழை' என்று இருந்தது. வெயிலுமுத்து அந்தச் சொல்லை ஏழெட்டுத் தடவை படித்தார். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

ஆக, நாலு பேருக்கும் படிக்க வந்துவிட்டது. புத்தகம் நேராக இருந்தால் மட்டும் ஒரு எழுத்தும் புரியாது.

பரீட்சை நாள் வந்தது. டீச்சரும் இப்போது உஷாராகியிருந்தார். கேள்வித்தாளில் 'பிரித்து எழுதுக', 'பொருத்துக' என்ற இரண்டு பகுதிகளை அவரே அடித்துவிட்டார். காரணம், பக்கத்து ஹாலில்தான் புது மெஷின் இருந்தது. மிச்சம் மெஷினைப் பற்றிய ஐந்தே கேள்விகள். நாலு பேருக்கும் பொதுவாக ஒரு தாளை மேஜையில் வைத்துவிட்டு, மேனேஜர் கூப்பிட்டார் என்று ஆபீசுக்குப் போனார். போனவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரவில்லை.

வெயிலுமுத்து தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, தலைப்பைத் தடங்கலில்லாமல் படித்தார். "கீழ்க்கண்ட ஐந்து வினாக்களுக்கும் விடை கொடுக்கவும்."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன மாசம் டைம்கீப்பர் ரிட்டையர் ஆனப்ப மைக்குல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் கொம்பையா.

"கனத்த மனசோட விடை கொடுக்கிறோம்னாங்க" என்றார் வெயிலுமுத்து.

"அதான்" என்றார் இருளாண்டி.

"பாவம், இப்பத்தானே வந்துச்சு, அதுக்குள்ளயா?" என்றார் சீனியம்மாள். சொல்லிக்கொண்டே பாதி வழி போய்விட்டார். மில் கேட்டுக்கு எதிரே இருந்த பூக்கடையிலிருந்து ரோஜா மாலையோடு வந்தார்.

கேள்வித்தாளை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். மாலை போட்டார்கள். கொம்பையா தன் துண்டை எடுத்துப் பொன்னாடையாகப் போர்த்தினார். டீயும் மிக்சரும் அதன் முன் வைத்தார்கள். படித்தவர் என்ற முறையில் வெயிலுமுத்துவைப் பேசச் சொன்னார்கள்.

"இந்த அஞ்சு கேள்வியும் நம்ம மில்லுல ரொம்ப நாள் இருக்கலை" என்று ஆரம்பித்தார். "காலையில பத்து மணிக்குத்தான் வந்துச்சு. ஆனா இருந்த வரைக்கும் யாரையும் ஒரு சொல் தப்பாப் பேசலை. ரெண்டாவது கேள்வி கொஞ்சம் நீளம். ஆனாலும் தங்கமான கேள்வி." அதோடு முடித்துக்கொண்டு கேள்வித்தாளைப் பார்த்துக் கும்பிட்டார். சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நாலு பேரும் கேட்டுக்குப் போய், பன்னிரண்டு மணி சாத்தூர் பஸ்ஸில் அதை ஜன்னலோரமாக உட்காரவைத்து, பத்திரமாக இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, பஸ் மறையும் வரை கையசைத்தார்கள்.

டீச்சர் மேனேஜரோடு திரும்பி வந்தபோது மேஜை காலியாக இருந்தது.

"அஞ்சுக்கும் விடை கொடுத்தாச்சு டீச்சர்" என்றார் வெயிலுமுத்து. "போயிட்டாங்க."

நடந்தது முழுவதையும் கேட்டு முடித்தபோது டீச்சரின் மூக்கு மட்டுமல்ல, காதும் சிவந்திருந்தது. "நல்லவேளை, இன்னொண்ணு இருக்கு" என்று பையிலிருந்து மற்றொரு தாளை எடுத்து நீட்டினார். "எழுத வேண்டாம். ஒண்ணும் பண்ண வேண்டாம். படிச்சுக் காட்டுங்க, போதும்."

வெயிலுமுத்து அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். வெயிலுமுத்து படித்தார். முதல் கேள்வியிலிருந்து ஐந்தாவது கேள்வி வரைக்கும், நீளமான இரண்டாவது கேள்வி உட்பட, ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தார். மற்ற மூன்று பேரும் அப்படியே படித்தார்கள்.

மேனேஜர் கண்ணைத் திறந்து, தாளைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். "கண்ணாடியை வேணா மெஷின்ல தலைகீழா மாட்டிக்கலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, "சரி, நாலு பேரும் பாஸ். தாளை வச்சுட்டு வேலைக்குப் போங்க" என்றார்.

வெயிலுமுத்துவுக்கு உடம்பு லேசானது. ஆனால் கால் நகரவில்லை. கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன?" என்றார் மேனேஜர்.

"அச்சு அசல் அதே முகஜாடை சார். தம்பி போலிருக்கு. அண்ணனுக்கு அவ்வளவு பெருசா செஞ்சுட்டு, தம்பியை வெறுங்கையோட விட்டா நாளைக்கு மில்லைப் பத்தி என்ன பேசுவாங்க?"

மேனேஜர் பதில் தேடுவதற்குள் சீனியம்மாள் பூக்கடையில் இருந்தார். இந்த முறை மாலையைப் போட்டது மேனேஜர்தான். கையில் கொடுத்துவிட்டார்கள், அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டீச்சர் இரண்டு வார்த்தை பேசினார்.

ஒரே ஒரு குறைதான். மூணே கால் பஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை. பாவம், சாத்தூர் வரைக்கும் நின்றுகொண்டேதான் போனது என்று கண்டக்டர் மறுநாள் வருத்தப்பட்டுச் சொன்னார்.